விழுப்புரத்தில் எக்ஸ்போர்ட், திண்டிவனத்தில் இம்போர்ட்: சாதனப் பட்டியலின் இடப்பெயர்ச்சி குறித்து ஓர் ஆய்வு

சாதனப் பட்டியல் என்பது ஓர் அலுவலகத்தின் ரௌட்டர், ஸ்விட்ச், கேமரா, பிரிண்டர் ஆகியவற்றின் பெயர், ஐபி முகவரி, வரிசை எண், ஊர் முதலியவற்றைக் குறித்துவைத்த ஜாதகக் கட்டு. நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளிலிருந்து இதை வெளியே எடுப்பது எக்ஸ்போர்ட். இன்னொன்றில் ஏற்றுவது இம்போர்ட். இடையில் அது சிஎஸ்வி கோப்பாக இருக்கும். இக்கோப்புக்கு ஆர்எஃப்சி 4180 என்ற இலக்கணம் 2005இல்தான் வந்தது; கோப்பு அதற்கும் பல பத்தாண்டுகள் மூத்தது. இலக்கியத்துக்குப் பின்னரே இலக்கணம் என்னும் மரபுக்கு இதில் பங்கமில்லை.

நெட்வொர்க் மேலாண்மைக்கும் இந்த இரண்டு ஊர்களையும் இணைக்கும் சாலைக்கும் உறவு உண்டு. 1996இல் அட்வென்ட்நெட் என்ற பெயரில் நெட்வொர்க் மேலாண்மை மென்பொருளோடு தொடங்கிய ஜோஹோவின் வளாகம் கூடுவாஞ்சேரி அருகே இருக்கிறது. அதே ஜி.எஸ்.டி. சாலையில் தெற்கே வந்தால் திண்டிவனம். இன்னும் சுமார் 40 கி.மீ. போனால் விழுப்புரம்.

விழுப்புரத்திலிருந்து கிளம்பும் பட்டியல் மின்னஞ்சலில் நொடியில் திண்டிவனம் சேர்ந்துவிடும். சேர்ந்த பட்டியலை அங்குள்ளவர் எக்செல்லில் திறந்து, "சும்மா ஒரு பார்வை" பார்த்து, சேமித்து மூடுவார். ஆய்வுலகம் இதுவரை பொருட்படுத்தாத அந்த ஒரு நிமிடத்தில்தான் எல்லாம் நடக்கிறது. விழுப்புரத்தின் எஸ்டிடி எண் 04146 தன் பூஜ்யத்தை இழந்து 4146 ஆகிறது. ஸ்விட்சின் 1/2 என்ற போர்ட் பிப்ரவரி முதல் தேதியாக மாறுகிறது. 15.10 என்ற மென்பொருள் பதிப்பு 15.1 என்று இளமை திரும்புகிறது. எக்செல் 15 இலக்கத்துக்கு மேல் எண்களை நினைவில் வைப்பதில்லை என்பதால், 16 இலக்க வரிசை எண்ணின் கடைசி இலக்கம் எதுவானாலும் பூஜ்யம்தான்.

ஊர்ப்பெயரைத் தமிழில் எழுதியவர் நிலை தனி. விழுப்புரம் ஆறு எழுத்துதான். யூடிஎஃப்-8 முறையில் 33 பைட். திண்டிவனமும் ஆறு எழுத்துதான். ஆனால் 30 பைட். கோப்பைத் திறக்கும்போது எழுத்துமுறை பிசகினால் இரண்டு ஊரும் தொப்பி சாய்ந்த ஐரோப்பிய எழுத்துகளின் ஊர்வலமாகிவிடும். "மாடி, பேருந்து நிலையம் எதிரில்" என்று முகவரி எழுதினால், அந்தக் காற்புள்ளியில் பத்தி பிரிந்து, எதிரில் இருந்த பேருந்து நிலையம் ஐபி முகவரிக் கட்டத்தில் போய் நிற்கும். மேற்கோள்குறி போட்டால் இது நடக்காது. யாரும் போடுவதில்லை.

ஐபி முகவரி தனிச் சிக்கல். விழுப்புரத்து ரௌட்டரும் 192.168.1.1, திண்டிவனத்து ரௌட்டரும் 192.168.1.1. அலுவலகத்துக்குள் புழங்கும் முகவரி என்பதால் இதில் குற்றமில்லை. ஆனால் ஐபியை வைத்தே ஆளை அடையாளம் காணும் மென்பொருளில் இரண்டு பட்டியலையும் ஏற்றினால், பின்னால் வந்த திண்டிவனம் விழுப்புரத்தை விழுங்கிவிடும்.

அரசாங்கமும் இத்துறையில் பழுத்த அனுபவசாலி. விழுப்புரம் மாவட்டம் 1993இல் தென்னாற்காட்டிலிருந்து எக்ஸ்போர்ட் ஆனது. 2019இல் கள்ளக்குறிச்சி இதிலிருந்து எக்ஸ்போர்ட் ஆனது. உளுந்தூர்பேட்டையில் ஓர் ஆணியில் தொங்கும் ரௌட்டர் அங்குலமும் நகரவில்லை. பட்டியலில் அதன் வரிசை மட்டும் மாவட்டம் மாறியது. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துக்கூட்டலை மாற்றி ஆணை வெளியாகி, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. முன்னோட்டம் பார்க்காமல் இம்போர்ட் பொத்தானை அழுத்துவதற்கு இதைவிடப் பெரிய உதாரணம் தமிழ்நாட்டில் கிடைப்பது அரிது.

கடைசியாகப் பெயரிடல். காற்புள்ளி, முன்பூஜ்யம், எழுத்துக்கூட்டல் தகராறு எதுவும் இல்லாத ஊர்ப்பெயர் வேண்டுவோர் ரயில்வே குறியீட்டை நாடுவர். திண்டிவனம் டிஎம்வி, இதனால் எந்தத் தொல்லையும் இல்லை. விழுப்புரம் விஎம். பெயரின் முன்னெழுத்தைப் பார்த்துச் சாதனங்களைக் குழு பிரிக்கும் விதி எழுதியிருந்தால், விழுப்புரம் ரயில் சந்திப்பின் அருகே ரேக்கில் தூசு படிந்து கிடக்கும் ஸ்விட்சுகள் அத்தனையும் விர்ச்சுவல் மெஷின் (அதன் சுருக்கமும் விஎம்தான்) கணக்கில் சேர்ந்துவிடும்.