வேதாளமும் வரட்டும், இளவரசனும் வரட்டும்

ஓர் ஆசிரியை, கஹவத்தை: தரம் 4 பிள்ளைகளுக்கு வகுப்பில் வாசித்துக் காட்ட ஒரு மாயக்கதை வேண்டும். பாடம் மாதிரியும் இருக்கக் கூடாது, தலையணை மாதிரியும் இருக்கக் கூடாது.

‘குட்டி இளவரசன்’. பிரெஞ்சு விமானி செந்த் எக்சுபெரி எழுதி, 1943இல் நியூயோர்க்கில் வெளிவந்தது. வெ. ஸ்ரீராமும் ச. மதனகல்யாணியும் பிரெஞ்சிலிருந்து நேரே தமிழாக்க, 1981இல் க்ரியா வெளியிட்டது. 27 சின்னச் சின்ன அத்தியாயங்கள். நாளுக்கு ஒன்று என்றால் பெப்ரவரியிலேகூட முடித்துவிடலாம், ஒரு நாள் மிச்சம்!

ஓர் அம்மா, கஹவத்தை: முதல் அத்தியாயத்தில் தொப்பி மாதிரி ஒரு படம். யானையை விழுங்கிய மலைப்பாம்பாம். மகனுக்கு முன்கூட்டியே சொல்லிவிடவா?

சொன்னால் கதை கெட்டது. படத்தைக் காட்டிவிட்டுப் பேசாமல் இருங்கள். மலை என்பான், கவிழ்ந்து கிடக்கும் கொழுந்துக்கூடை என்பான். எல்லாவற்றுக்கும் ‘ம்’ போடுங்கள். வயிற்றுக்குள் யானை தெரியும் படம் அடுத்து வருகிறது. அதைத் திருப்புமுன் எழுந்து போய் ஒரு வாய் தண்ணீர் குடித்து வாருங்கள். அந்தக் காத்திருப்பில்தான் அவன் வாசகன் ஆகிறான்.

ஓர் அப்பா, பெல்மதுளை: விடிய முன்னமே பால் வெட்டப் போகிறவன் நான். இரவில் கண் சொருகுகிறது. வாசிப்பும் எழுத்துக்கூட்டித்தான் வரும்.

அப்படியானால் மகள் வாசிக்கட்டும், நீங்கள் கேளுங்கள். இடையிடையே “அப்புறம்?” என்று கேட்பது மட்டும்தான் உங்கள் வேலை. பாதியில் தூங்கிப்போனாலும் பாதகமில்லை. விட்ட கதையை மறுநாள் அவள் வாயால் சொல்லச் சொல்லுங்கள். காசு வாங்காத டியூஷன் அது.

தரம் 6 மாணவன், கஹவத்தை: கிரகத்தையே பிளந்துவிடும் பாவோபாப் மரம் உண்மையாகவே இருக்கிறதா?

இருக்கிறது தம்பி, நம் நாட்டிலேயே. மன்னார் பள்ளிமுனையில் ஒன்று நிற்கிறது. அங்கே பெருக்கமரம் என்பார்கள். ஆபிரிக்க மரம். அராபிய வணிகர்கள் கொண்டுவந்தார்கள் என்று சொல்வார்கள். உன் வகுப்பில் பத்துப் பேர் கைகோர்த்தாலும் அடிமரத்தைச் சுற்றி வளைக்க முடியாது. மன்னார்த் தீவு இன்னும் பிளக்கவில்லை, பயப்படாதே.

ஒரு தாத்தா, நிவித்திகலை: பொன்னர் சங்கர் இருக்க, வெள்ளைக்காரன் கதை எதற்கு?

யார் வேண்டாம் என்றது? பொன்னர் சங்கரும் காமன் கூத்தும் அருச்சுனன் தபசும் மலையகத் தோட்டங்களில் விடிய விடிய ஆடியவை. சாம்பலான மன்மதன் எழுந்து வருவதைக் கண் கொட்டாமல் பார்த்த பிள்ளைக்கு, வேறு கிரகத்திலிருந்து ஒரு பையன் வருவது அதிசயமா? ‘அம்புலிமாமா’ 1947இல் தொடங்கிய பத்திரிகை. அதில் வந்த வேதாளம் கதை முடிவில் கேள்வி கேட்குமே, அந்த வழக்கத்தைத் தாத்தா நீங்கள் எடுத்துக்கொள்ளுங்கள். இளவரசன் கதைக்கும் அது பொருந்தும்.

இன்னோர் அம்மா, கஹவத்தை: இதெல்லாம் புலமைப்பரிசில் பரீட்சைக்கு உதவுமா?

13ஆம் அத்தியாயத்தில் ஒரு வியாபாரி வருகிறார். 50 கோடிக்கு மேல் நட்சத்திரங்களை எண்ணி, தொகையைத் தாளில் எழுதி, இழுப்பறையில் பூட்டி, எல்லாம் என்னுடையவை என்கிறார். அந்த இடத்தை வாசிக்கும்போது பிள்ளை உங்களைப் பார்த்துச் சிரித்தால் கோபப்படாதீர்கள். ஆனாலும் கேட்டுவிட்டீர்கள்: நீண்ட வாக்கியத்தைப் பயப்படாமல் வாசிக்கிற பிள்ளை வினாத்தாளையும் பயப்படாமல் வாசிக்கும்.

ஓர் அக்கா, பலாங்கொடை: கடைசியில் இளவரசன் செத்துப்போனானா என்று தம்பி அழுகிறான். என்ன சொல்வது?

புத்தகமே சொல்லாததை நீங்கள் ஏன் சொல்ல வேண்டும்? “நீ என்ன நினைக்கிறாய்?” என்று கேளுங்கள். கொஞ்சம் வளர்ந்தபின் எழுதியவரின் கதையையும் சொல்லலாம். 1944 ஜூலை 31ஆம் திகதி கோர்சிகாவிலிருந்து வேவு பார்க்கப் பறந்தவர் திரும்பவே இல்லை. அவருடைய விமானத்தின் சிதைவுகள் மார்செய் அருகே கடலடியில் கிடைத்ததும், 2004இல் அது உறுதியானதும் பிந்திய செய்தி.

அதே ஆசிரியை: வாசித்து முடித்தபின் பிள்ளைகளிடம் என்ன கேட்கலாம்?

அடுத்து எந்தக் கதை என்று கேளுங்கள். “இக்கதையால் நாம் அறிவது” என்று மட்டும் தொடங்காதீர்கள், டீச்சர்.