இருந்தும் இல்லாத எண்ணெய்

கேள்வி: பூமிக்குள் எண்ணெய் மிச்சமிருக்கும்போதே பழைய எண்ணெய்க் கிணறுகளை ஏன் மூடுகிறார்கள்?
– லாரி உரிமையாளர், நாமக்கல்

பதில்: பக்கத்துத் திருச்செங்கோட்டு போர்வெல் ரிக் வண்டிக்காரரைக் கேளுங்கள், பாதி பதில் கிடைக்கும். ஆயிரம் அடியில் தண்ணீர் இருக்கலாம். அதை மேலே கொண்டுவரும் செலவு விளைச்சலைத் தின்றுவிட்டால், அது இல்லாத தண்ணீர்தான்! எண்ணெயும் அப்படியே. 1974-இல் கண்டுபிடித்த மும்பை ஹை கடல் எண்ணெய் வயலில் முதலில் பாறைக்குள் இருந்த அழுத்தமே எண்ணெயை மேலே தள்ளியது. அது குறையவே, இப்போது கடல்நீரை உள்ளே செலுத்துகிறார்கள். கிணற்றுக்கு வயதாக ஆக எண்ணெயோடு தண்ணீரும் கூடுதலாக வரும், பிரிக்கத் தனிச் செலவு. பீப்பாய்க்கு ஆகும் செலவு விலையைத் தாண்டினால், மிச்ச எண்ணெய் 'இருப்பு'க் கணக்கிலிருந்தே விழுந்துவிடும். விலை ஏறினால் திரும்பி வரும். மஞ்சள் நல்ல விலைக்குப் போன வருஷம், கைவிட்ட போர்வெல்லில் நம் விவசாயி மறுபடி மோட்டார் இறக்குவதில்லையா?