காளான் அடித்த சாட்டையடி

கே: காளான் சைவமா, அசைவமா?

ப: செடியுமில்லை, விலங்குமில்லை; பூஞ்சை. அடுத்தவர் வரலாம்.

கே: ஷிடாகே காளான் சாப்பிட்டால் முதுகில் சாட்டையடி விழுமாமே, நிஜமா?

ப: நிஜம்! 1977-இல் ஜப்பானிய மருத்துவர் நகமுரா இதை முதலில் பதிவு செய்தார். வழக்கமான ஒவ்வாமைத் தடிப்பு திட்டுத் திட்டாக வரும். இதுவோ சிவந்து தடித்த கோடுகளாக, முதுகு, வயிறு, தொடை என்று குறுக்கும் நெடுக்குமாக ஓடும். பார்க்கிறவர் 'யார் அடித்தது?' என்று பதறுவார். அடித்த ஆசாமி ஓரிரு நாள் முன்பே வயிற்றுக்குள் போயிருப்பார்!

மருத்துவர்கள் கைகாட்டுவது ஷிடாகேயில் உள்ள லென்டினான் என்ற மாவுச்சத்து வகைப் பொருளை. அது சிதைய, கொதிநீரைவிட அதிகச் சூடு வேண்டும். பச்சையாகச் சாலட்டில் தூவுவது, சூப்பை இறக்கும்போது நாலு துண்டு போடுவது ஆகிய நாகரிகங்களை இந்தப் பகுதி என்றைக்கும் ஒப்புக்கொண்டதில்லை. வாணலியில் எண்ணெய் விட்டு, தண்ணீர் சுண்டி, ஓரம் முறுகும்வரை வதக்குங்கள். உலர்ந்த ஷிடாகேக்கும் இதே சட்டம்தான், ஊறியதெல்லாம் வெந்ததாகாது.

கே: ஒரே தட்டில் சாப்பிட்ட தம்பிக்கு ஒன்றும் ஆகவில்லையே?

ப: எல்லாருக்கும் வராது. தம்பிக்கு யோகம்.

கே: தொட்டாலே வம்பு செய்யும் காளான் உண்டா?

ப: ஜப்பானில் 'கயென்டகே' இருக்கிறது. மண்ணிலிருந்து செந்தீ நாக்கு நீட்டியதுபோல் நிற்கும். அதன் டிரைகோதீசின் நஞ்சு தோலையே புண்ணாக்கும், தின்றவர்கள் இறந்திருக்கிறார்கள். அழகாயிருக்கிறதே என்று கை நீட்ட வேண்டாம்.

கே: அம்மா புற்றுநோய்க்கு மருந்து எடுக்கிறார். அவர் காளானைத் தொட்டதே இல்லை. ஆனால் முதுகில் இதே கோடுகள்!

ப: பிளியோமைசின் என்ற மருந்தும் இதே சாட்டைக் கோடுகளை உண்டாக்கும். அம்மாவின் மருந்துச் சீட்டில் அந்தப் பெயர் இருக்கிறதா என்று பாருங்கள். நீங்களாக எதையும் நிறுத்தாதீர்கள். சிகிச்சை தரும் மருத்துவரிடம் இன்றே சொல்லுங்கள். வறட்டு இருமலோ மூச்சுத்திணறலோ இருந்தால் அதை முதலில் சொல்லுங்கள். அந்த மருந்து நுரையீரலையும் பாதிக்கக்கூடியது.

கே: காளான் கோடு வந்துவிட்டால் மந்திரிக்கலாமா?

ப: மந்திரிக்காவிட்டாலும் சில வாரங்களில் தானே மறையும். அரிப்புக்கு மருத்துவர் மாத்திரையோ களிம்போ தருவார். போகும்போது, கடந்த ஐந்து நாளில் சாப்பிட்டதை எல்லாம் ஒரு தாளில் எழுதிக்கொண்டு போங்கள், காளானை விட்டுவிடாதீர்கள்.