வக்கீலுக்குக் குடுக்குற காசு தண்டம், தம்பி!

வாப்பா சீனத்துத் தம்பி, இப்படித் திண்ணையில உக்காரு. குவாங்சோவுல ஒரு பிளாஸ்டிக் கம்பெனி, ஷாங்காயில ஒரு ஃபிளாட்டு, பள்ளிக்கூடம் போற ஒரே மகன். இத்தனையும் வச்சுக்கிட்டு அமெரிக்காவுல குடியேறணும்ங்கிறே. வக்கீலைப் பாக்கலாமா தரகரைப் பாக்கலாமான்னு என்கிட்ட வந்து கேக்குறே பாரு, அங்கதான் நீ கெட்டிக்காரன். பாஸ்போர்ட்டே எடுக்காதவன்கிட்ட யோசனை கேட்டா ஃபீஸ் மிச்சம்.

வக்கீல் பக்கமே போகாதே. அந்த மனுஷனுக்கு இதமாப் பேசத் தெரியாது. "கிடைக்குமா?"ன்னு கேட்டா "பாக்கணும்"பார். பணம் எங்கேருந்து வந்துச்சும்பார், வரி கட்டின ரசீதைக் கேப்பார், எப்பவோ வாங்கின வீட்டுக்குப் பத்திரம் கேப்பார். இப்படிக் குடைஞ்செடுத்துட்டு மணிக்கணக்குப் போட்டுக் காசும் வாங்கிக்குவார். தரகர் அப்படியா? பெரிய ஓட்டல்ல கூட்டம் போட்டு, விருந்து வச்சு, "கிரீன் கார்டு உறுதி, போட்ட பணம் திரும்பி வர்றதும் உறுதி"ன்னு கையைப் பிடிச்சுச் சொல்வார். மனுஷன்னா அவரு!

ஒரே ஒரு சின்னச் சிக்கல். பணம் முதலீடு பண்றவங்களுக்கு கிரீன் கார்டு குடுக்க ஈபி-5ன்னு ஒரு விசா இருக்கு, 1990-ல சட்டம் போட்டுக் கொண்டாந்தது. 2022-ல திருத்தினதுக்கப்புறம், கிராமப்புறத்துலயோ வேலையில்லாத் திண்டாட்டம் உள்ள இடத்துலயோ 8,00,000 டாலர், மத்த இடத்துல 10,50,000 டாலர் போடணும். பத்துப் பேருக்கு முழுநேர வேலையும் உண்டாகணும். அந்தப் பணம் நட்டப்பட வாய்ப்புள்ள பணமாவும் இருக்கணும்ங்கிறது விதி. "திருப்பித் தந்துடறேன்"னு யாராவது உத்தரவாதம் எழுதிக் குடுத்தா, இது முதலீடே இல்லை, கடன்னு சொல்லி மனுவைத் தள்ளிடுவாங்க. ஆக, தரகர் சொன்ன உறுதி பொய்யா இருந்தா உன் பணம் போச்சு. நெசமா இருந்தா உன் விசா போச்சு. எப்படிப் பாத்தாலும் அவர் கமிஷன் மட்டும் பத்திரம்.

கதை கட்டுறேன்னு நினைக்காதே. சிகாகோ விமான நிலையத்துக்குப் பக்கத்துல ஓட்டலும் மாநாட்டு மண்டபமும் கட்டப்போறோம்னு சொல்லி 250 பேருக்கு மேல பணம் வாங்கினாங்க. முக்காவாசி உங்க நாட்டுக்காரங்க. முதலீடு 14.5 கோடி டாலருக்கு மேல, கட்டணம்னு தனியா 1.1 கோடி. பெரிய பெரிய ஓட்டல் கம்பெனியெல்லாம் கூட்டு சேர்ந்துடுச்சுன்னு காகிதம் காட்டினாங்க. 2013-ல அமெரிக்கப் பங்குச் சந்தை ஆணையம் வழக்குப் போட்டப்புறம்தான் சங்கதி வெளிய வந்துச்சு. மாடு வாங்கப் போனா பல்லைப் பிடிச்சுப் பாக்குறவன், கட்டடம் வாங்கப் போய் படத்தைப் பாத்து ஏமாந்தான்.

அப்புறம் பணத்தை அனுப்பணும். உங்க சட்டப்படி ஒரு தலைக்கு வருஷத்துக்கு 50,000 டாலர்தான் அன்னியச் செலாவணி. எட்டு லட்சத்துக்குப் பதினாறு தலை வேணும். மாமன், மச்சான், ஒண்ணுவிட்ட சித்தப்பான்னு ஆள் சேக்கலாம்பார் தரகர். ஆனா ஒருத்தர் ஒதுக்கீட்டை இன்னொருத்தருக்கு இரவல் குடுக்கக் கூடாது, அந்த டாலரை வெளிநாட்டு வீடு வாசல்ல முடக்கக் கூடாதுன்னு 2017-லேருந்து பாங்கில எழுதியே வாங்குறாங்க. அமெரிக்க அதிகாரியோ பணம் வந்த ஒவ்வொரு பாதையையும் காட்டுங்கிறார். சீனாவுல மறைச்சதை அமெரிக்காவுல விளக்கணும், அமெரிக்காவுல விளக்குனது சீனாவுல வம்பு. ரெண்டு நாட்டுச் சட்டத்தையும் பக்கத்துல பக்கத்துல வச்சுப் படிக்கிற ஆள் இல்லாம இதுல இறங்கலாமா? தாராளமா இறங்கு, பதினாறு சொந்தக்காரனும் துணைக்கு இருக்கான்ல.

வரிசை வேற இருக்கு. பெண்டாட்டி பிள்ளையையும் சேத்து வருஷத்துக்குச் சுமார் 10,000 விசா. ஒரு நாட்டுக்கு 7 சதவீதம்னு வரம்பு. மத்தவங்க எடுத்துக்காம மிஞ்சினாத்தான் அதுக்கு மேல. உங்க ஆளுங்க வருஷக்கணக்கா நின்னிருக்காங்க. பையனுக்கு 21 ஆயிட்டா பிள்ளைங்கிற கணக்குலேருந்தே கழண்டுடுவான். வயசுல கொஞ்சம் கழிச்சுக்க 2002-ல ஒரு சட்டம் வந்திருக்கு. கிராமப்புறத் திட்டத்துக்குன்னு 20 சதவீதம் தனியாவும் ஒதுக்கியிருக்காங்க. இதையெல்லாம் சொல்றவர் யாரு? அந்த இதமாப் பேசத் தெரியாத வக்கீல்தான்.

"இ-2ன்னு ஒரு வியாபார விசா இருக்கே, செலவு கம்மியாமே"ங்கிறே. அதுக்கு அமெரிக்காவோட ஒப்பந்தம் வேணும், உங்க நாட்டுக்கு அது இல்லை. அந்த ஒப்பந்தம் உள்ள கிரெனடா நாட்டுக் குடியுரிமையைக் காசு குடுத்து வாங்கிட்டு அதுவழியாப் போனவங்க உண்டு. 2022 கடைசியில அதுக்கும் கட்டை போட்டாங்க: காசுக்கு வாங்கின குடியுரிமைன்னா அந்த நாட்டுல மூணு வருஷமாவது வாசம் பண்ணியிருக்கணும். உங்க சட்டம் இரட்டைக் குடியுரிமையை ஏத்துக்காதுங்கிறதையும் மறந்துடாதே. இத்தனையும் தாண்டி கிரீன் கார்டு கைக்கு வந்துட்டா, உலகத்துல எந்த மூலையில சம்பாதிச்சாலும் அமெரிக்காவுக்கு வரிக்கணக்குக் காட்டணும். வெளிநாட்டுக் கணக்குல மொத்தம் 10,000 டாலரைத் தாண்டினா தனியா ஒரு படிவம். ஆகவே வரிக்காரரைப் பாக்க வேண்டியது கார்டு வர்றதுக்கு முன்னால. வந்தப்புறம் போனா அவர் உனக்கு ஆறுதல்தான் சொல்ல முடியும்.

வக்கீல்னா எல்லாரும் உத்தமர்னு நான் சொல்ல வரலை. 2012 டிசம்பர்ல, சீனர்களுக்கு அடைக்கலம் கேட்டுப் பொய்க்கதை எழுதிக் குடுத்ததா நியூயார்க்குல 26 பேர் மேல வழக்குப் போட்டாங்க, அதுல ஆறு பேர் வக்கீல். உன் பணத்தை வாங்குற திட்டக்காரனோட வக்கீல் சிரிச்சுப் பேசுறாருன்னு அவரை உன் வக்கீல்னு நினைச்சுக்காதே. அவர் கட்சி வேற. முறையாப் பதிவான வக்கீல்தானான்னு பாத்து, உனக்குன்னு தனியா ஒருத்தரை வச்சுக்க.

அமெரிக்கக் குடியேற்றச் சட்டத்தோட மல்லுக்கட்டுறது உங்க ஆளுங்களுக்குப் புதுசில்லை. 1882-ல சீனத் தொழிலாளி உள்ள வரக் கூடாதுன்னு சட்டம் போட்டாங்க. 1906 பூகம்பத்துல சான் பிரான்சிஸ்கோ பிறப்புப் பதிவெல்லாம் எரிஞ்சதும், அங்க இருந்த சீனருக்குக் காகிதத்துல மட்டும் மகனாகி, அதிகாரி கேட்டாச் சொல்றதுக்கு வீட்டுக்கு எத்தனை படின்னு மனப்பாடம் பண்ணிப் பல பேர் உள்ள போனாங்க. அவங்களைக் குத்தம் சொல்ல மாட்டேன், சட்டம் அப்படி. ஆனா அந்த ஊர்லயே பொறந்த வோங் கிம் ஆர்க்கை உள்ள விடமாட்டேன்னப்போ, அவர் வக்கீல் வச்சு 1898-ல உச்ச நீதிமன்றத்துல ஜெயிச்சார். மனப்பாடம் பண்ணினவங்க அடுத்தவன் பேரைச் சுமந்தாங்க. வழக்காடினவர் சொந்தப் பேரோட நின்னார்.

அதனால, காசைத் தண்டம் பண்ணித்தான் ஆவேன்னு நீ நின்னா ஒண்ணு செய். வக்கீல்கிட்ட "கிடைக்குமா?"ன்னு கேக்காதே, "எதனால கிடைக்காமப் போகும்?"னு கேளு. அரை மணி நேரம் விடாம அடுக்குறாரா, அவருக்கு ஃபீஸ் குடு. "கவலையே படாதீங்க"ன்னாரா, எந்திரிச்சு வந்துடு. போகும்போது சம்சாரத்தையும் கூட்டிக்கிட்டுப் போ. வெக்கப்பட்டு நீ கேக்காம விட்டதையெல்லாம் அவங்க கேட்டுருவாங்க.