தொட்டால் பரவாது (5 மதிப்பெண்)

எச்.ஐ.வி. எவ்வாறெல்லாம் பரவாது? விடையளி. ஐந்து மதிப்பெண்.

தொட்டால் பரவாது. கை குலுக்கினால் பரவாது. ஒரே தட்டில் சாப்பிட்டால் பரவாது. கொசு கடித்தால் பரவாது. ஒரே கழிப்பறைக்குப் போனால் பரவாது. நம் பிள்ளைகள் இதை மூச்சுவிடாமல் எழுதுவார்கள். டீச்சரும் ஐந்துக்கு ஐந்து போட்டு, பக்கத்தில் ‘வெரி குட்’ எழுதிக் கையெழுத்திடுவார். அதே டீச்சரின் காதில் ஒருநாள் ஒரு செய்தி விழும். நாலாவது பெஞ்சில் உட்காரும் பெண் மாதம் ஒருநாள் லீவு போடுவது காய்ச்சலுக்காக இல்லை, பெரியாஸ்பத்திரியில் எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்துக்குப் போவதற்காக. அன்று ஸ்டாஃப் ரூமில் அவள் நோட்டைத் திருத்திய கையோடு சானிடைசரைத் தேடுவார். விடைத்தாளில் பரவாத கிருமி நோட்டு அட்டையில் பரவும் போலிருக்கிறது. அது வேறு சிலபஸ்.

ஆகவே, “மக்களிடம் விழிப்புணர்வு போதவில்லை” என்று மைக் பிடிக்கும் பெரியவர்களுக்கு ஒரு விண்ணப்பம். ஐயா, போதும். இந்தியாவில் எச்.ஐ.வி. முதலில் கண்டறியப்பட்டதே சென்னையில்தான். 1986இல் டாக்டர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் எடுத்த முயற்சி அது. ரத்த மாதிரிகள் வேலூர் சி.எம்.சி.க்குப் போய்ச் சோதிக்கப்பட்டன. 2004 ஏப்ரலில் அரசு இலவசக் கூட்டு மருந்து சிகிச்சையைத் தொடங்கியபோது முதல் மையங்களில் தாம்பரம் சானடோரியமும் ஒன்று. அரசு ஆஸ்பத்திரிகளில் எச்.ஐ.வி. சோதனைக்கும் ஆலோசனைக்கும் ‘நம்பிக்கை மையம்’ என்று போர்டு தொங்குகிறது. இந்தக் கிருமியைப் பற்றி இவ்வளவு காலமாக, இவ்வளவு அருகிலிருந்து பாடம் கேட்ட சனங்கள் நாட்டில் குறைவு. தெரியாமல் செய்கிறோம் என்ற சலுகையை நமக்கு யாரும் தரவேண்டாம். தெரிந்தேதான் செய்கிறோம்.

எய்ட்ஸ் விளம்பரத்துப் புள்ளிராஜாவை மறந்திருக்க மாட்டீர்கள். 2000களின் தொடக்கத்தில் ஊர்ச் சுவரெல்லாம் அவரே. அவருக்கு எய்ட்ஸ் வருமா வராதா என்று தமிழ்நாடே கவலைப்பட்டது. ராஜா என்று பெயர் வைத்துக்கொண்டவர்கள் பாடு திண்டாட்டம். ஆணுறையைப் பற்றி நாலு பேர் வாய்விட்டுப் பேச அந்த விளம்பரம் உதவியது, அதைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் நாம் அதிலிருந்து பிடித்துக்கொண்டது வேறு: தப்பு செய்தவனுக்கு வரும். அம்மாவின் வயிற்றிலிருந்தே கிருமியோடு வந்த குழந்தை எந்தச் சுவரிலும் இல்லை. இன்று அவளுக்குப் பதினாலு வயது. அவளைப் பார்த்ததும் ஊர் போடும் கணக்கு: அப்பன் எப்படிப்பட்டவனோ, ஆத்தா எப்படிப்பட்டவளோ. பரம்பரைச் சொத்தாக அவளுக்கு வந்து சேர்ந்தது அந்தக் கணக்கு மட்டும்தான். மற்ற சொத்துக்கு இதோ வருகிறேன்.

வீட்டைப் பாருங்கள். அப்பா அம்மா இரண்டு பேரும் போனபின் பெரியப்பா வீட்டில் அடைக்கலம். தனித் தட்டு, தனி டம்ளர், தனிப் பாய், தனிச் சோப்பு. டம்ளர் மாறிவிடாமலிருக்க அடியில் ஆணியால் ஒரு கீறல். இந்தத் தொழில்நுட்பத்தைப் பெரியம்மாவுக்கு எந்த எய்ட்ஸ் கட்டுப்பாட்டுச் சங்கமும் சொல்லித்தரவில்லை. தேவையும் இல்லை. டீக்கடையில் இரட்டைக் குவளை வைத்துத் தலைமுறை தலைமுறையாகத் தேர்ந்த ஊர் இது. யாரை எந்தத் திண்ணையோடு நிறுத்த வேண்டும், யாருக்கு எவ்வளவு உயரத்திலிருந்து தண்ணீர் ஊற்ற வேண்டும் என்பதெல்லாம் நமக்குக் கைவந்த கலை. 1986இல் கிருமி புதிது, டம்ளர் பழசு. ஒரு விஷயத்தில் மட்டும் பெரியப்பாவின் விஞ்ஞானம் அபாரம். கிருமி அவள் தட்டில் இருக்கிறதாம், அவள் துவைத்துப்போட்ட துணியில் இருக்கிறதாம். தம்பி விட்டுப்போன ஒன்றரை ஏக்கர் பட்டாவில் மட்டும் இல்லையாம்.

அம்மா உயிரோடிருக்கும் வீட்டிலும் கதை பெரிதாக மாறுவதில்லை. மாத்திரைப் புட்டியின் லேபிளை அம்மா நகத்தால் சுரண்டி எடுப்பாள். “சத்து மாத்திரைடி, முழுங்கு.” மகளும் வருஷக்கணக்காகச் சத்து மாத்திரையை விழுங்குவாள். பிறகு பத்தாம் வகுப்பு அறிவியலில் எய்ட்ஸ் பாடம் வரும். அது என்ன சத்து என்று வகுப்பு நடுவே, நாற்பது பேர் சிரித்துக்கொண்டிருக்கும்போது அவளாகத் தெரிந்துகொள்வாள். அம்மாவைத் திட்ட எனக்கு மனம் வரவில்லை. லேபிளோடு அந்தப் புட்டி அலமாரியில் இருந்தால் வாடகை வீட்டை எத்தனை நாளில் காலி செய்யச் சொல்வார்கள் என்பது அவளுக்குத் தெரியும்.

அந்த மாத்திரை செய்கிற வேலையோ பெரிது. தினமும் ஒன்று, தவறாமல், அதே நேரத்தில். ஒழுங்காகச் சாப்பிட்டால் ரத்தத்தில் கிருமி பரிசோதனைக்கே அகப்படாத அளவுக்கு அடங்கிவிடும். அப்படி அடங்கியிருக்கும்வரை உடலுறவில்கூட அடுத்தவருக்குப் பரவாது. படித்து, வேலைக்குப் போய், கல்யாணம் செய்து, கிருமியில்லாத பிள்ளையும் பெறலாம். மருத்துவம் தன் பங்கை முடித்துவிட்டது. ஆனால் விடுதியில் வார்டன் பெட்டியைச் சோதிப்பார், பக்கத்துக் கட்டில்காரி “என்னடி மாத்திரை அது, தினமும்?” என்பாள். பயத்தில் பெண் இரண்டு நாள் விடுவாள், பிறகு ஒரு வாரம். அடங்கிக் கிடந்த கிருமி எழும். மருந்துக்கு மசியாத கிருமியாகக்கூட மாறும். பிறகு அவள் நோயில் விழுந்ததும் நாமே போய்ச் சொல்வோம்: “அந்த வியாதி அப்படித்தான், பாவம்.”

பள்ளிக்கூடம் சட்டத்தை மீறுவதில்லை, கவனியுங்கள். 2017இல் எச்.ஐ.வி. சட்டம் வந்து, 2018 செப்டம்பரில் நடைமுறைக்கும் வந்துவிட்டது. எச்.ஐ.வி. இருக்கிறது என்பதற்காக எந்தப் பிள்ளைக்கும் படிப்பை மறுக்க முடியாது. அதனால் யாரும் மறுப்பதில்லை. அறைக்குக் கூப்பிட்டு உட்காரவைத்து, காபி வாங்கிக்கொடுத்து, “உங்க பொண்ணு நல்லதுக்குத்தாம்மா சொல்றோம்” என்பார்கள். “எங்களுக்கு ஒண்ணும் இல்ல, மத்த பேரண்ட்ஸ்தான்…” என்பார்கள். மற்ற பேரண்ட்ஸ் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள். “எனக்கு யார் மேலயும் வெறுப்பு இல்ல, ஆனா நம்ம பிள்ளைங்க சேஃப்டின்னு ஒண்ணு இருக்குல்ல” என்று ஒருவர் தட்டுகிறார். ஹெல்மெட் இல்லாமல் ஒரே பைக்கில் மகனையும் அவன் கூட்டாளிகள் இரண்டு பேரையும் டியூஷனுக்கு ஏற்றிப்போகிறவர் அவர். கடைசியில் டி.சி. எழுதப்படும். நடத்தை: நன்று. பள்ளியைவிட்டு நீங்கும் காரணம்: பெற்றோர் விருப்பம். அந்த இரண்டு சொல்லை எழுதிய கை நடுங்கியதாக எந்த ஆபீஸ் ரிக்கார்டிலும் இல்லை.

இதைப் பிள்ளைகளிடம் பேசலாம் என்றால் பண்பாடு குறுக்கே படுத்துக்கொள்கிறது. வளரிளம் பருவக் கல்வி என்று கொண்டுவந்ததை 2007இல் மகாராஷ்டிரமும் மத்தியப் பிரதேசமும் கர்நாடகமும் தடுத்தன. நாம் அவ்வளவு முரடர்கள் இல்லை. இனப்பெருக்கப் பாடம் வந்ததும் “இத வீட்ல படிச்சுக்குங்க” என்று பக்கத்தைப் புரட்டிவிடுவோம்.

ஆனாலும் டிசம்பர் 1 வந்தால் நம்மை மிஞ்ச ஆளில்லை. சிவப்பு ரிப்பன், ரங்கோலி, பேரணி, ‘ஒதுக்காதீர் அரவணைப்பீர்’ என்று பேச்சுப்போட்டி. நாலாவது பெஞ்சுப் பெண் நன்றாகப் பேசுவாள். விஷயம் கசியாத வருஷமாக இருந்தால் முதல் பரிசும் அவளுக்குத்தான்: எவர்சில்வர் டம்ளர் ஒன்று. வீட்டில் அவளுக்கென்று ஏற்கெனவே ஒன்று தனியாக இருக்கிறது.

அந்த 2017 சட்டத்தில் ஓரிடம் உண்டு. எச்.ஐ.வி. பாதித்த குடும்பத்தைப் பன்னிரண்டு வயது நிரம்பிய பிள்ளையே பொறுப்போடு நடத்திவந்தால், தம்பி தங்கைக்குக் காப்பாளராக அந்தப் பிள்ளையே கையெழுத்திடலாம். பள்ளியில் சேர்க்க, சிகிச்சைக்கு, வங்கிக் கணக்குக்கு, சொத்துக்கு. பெரியவர்கள் கைவிடுவார்கள் என்று தெரிந்து பாராளுமன்றமே எழுதிவைத்த ஏற்பாடு. அந்தக் காகிதத்தோடு தம்பியைக் கையில் பிடித்துக்கொண்டு ஒரு பெண் பள்ளி ஆபீஸ் வாசலில் நின்றால், கிளார்க் கண்ணாடியை இறக்கிக்கொண்டு கேட்பார்: “பெரியவங்க யாரும் இல்லையா?”

இருக்கிறார்கள் சார். எல்லாரும் வாட்ஸ்அப் குழுவில் இருக்கிறார்கள்.