கோக் ஆலைக்குப் பக்கத்தில் குடியிருப்பது எப்படி?

அமெரிக்காவின் பென்சில்வேனியா மாநிலத்தில், மொனோங்கஹீலா ஆற்றங்கரையில், கிளேர்ட்டன் என்ற ஊரில் வீடு பார்த்துவிட்டீர்களா? நல்லது. அந்த நாட்டின் மிகப் பெரிய கோக் கரி ஆலை அங்கேதான் இருக்கிறது. சில பழக்கங்கள் மட்டும் வேண்டும்.

விடியற்காலையில் அழுகிய முட்டை நாற்றம் அடித்தால் சமையலறையைக் கழுவாதீர்கள். அது ஹைட்ரஜன் சல்பைடு. நாற்றமே இல்லாத நாளில் நிம்மதியாக இருங்கள். முடியின் தடிமனில் முப்பதில் ஒரு பங்குகூட இல்லாத துகள்கள் வாசனை காட்டாமலே நுரையீரலின் அடிவரை போய்விடும்.

நிலக்கரியைக் காற்றுப் புகாத அடுப்பில் 1,000 டிகிரிக்கு மேல் 18 மணி நேரம் போல வேகவைத்தால் கோக். அடுப்புக் கதவின் இடுக்கில் தாரும் பென்சீனும் கசியும். அரசு ஆய்வாளர் அடுப்பு வரிசையோரம் நடந்து, கசிகிற கதவுகளைக் கண்ணால் பார்த்து எண்ணுகிறார், விதிமுறையே அதுதான். கண்ணுக்குத் தெரியாத புகைக்கு அந்தக் கணக்கில் இடமில்லை. வெந்த கரியைத் தண்ணீர் விட்டு அணைக்கும்போது எழும் வெண்மேகத்தைக் காட்டி, "வெறும் நீராவிதான்" என்று பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுங்கள். நீராவி துகளையும் தூக்கிக்கொண்டு போகும் என்பதைப் பெரிய வகுப்பில் படித்துக்கொள்ளட்டும்.

முக்கியமானது சன்னல். குளிர்ந்த காற்று பள்ளத்தாக்கில் தேங்கி, மேலே வெதுவெதுப்பான காற்று மூடிபோட்டுவிடும் நாள்கள் இங்கே நிறைய. 1948 அக்டோபரில் இதே ஆற்றங்கரையின் டொனோராவில், துத்தநாக ஆலைப் புகை அப்படி மூடியபோது 20 பேர் செத்தார்கள். 2018 கிறிஸ்துமஸுக்கு முந்தைய நாள் கிளேர்ட்டன் ஆலையில் தீப்பிடித்து, அடுப்பு வாயுவிலிருந்து கந்தகத்தை நீக்கும் ஏற்பாடு முடங்கியது. அடுப்புகள் முடங்கவில்லை. இரண்டு வாரம் கழித்து, குழந்தைகளும் முதியவர்களும் வெளியில் நடமாடுவதைக் குறைத்துக்கொள்ளும்படி சுகாதாரத் துறை சொன்னது. நியாயம்தானே? அடுப்பை ஆறவிட்டால் உள்செங்கல் விரிசல்விடும். உங்கள் நெஞ்சுக்குள் செங்கல் இல்லை. நீங்கள்தான் அனுசரித்துப்போக வேண்டும்.

ஒரே ஒரு எச்சரிக்கை. பிட்ஸ்பர்க்குக்கு மறுபக்கம், நெவில் தீவில் இருந்த ஷெனாங்கோ கோக் ஆலையை 2016 ஜனவரியில் மூடினார்கள். சுற்றுவட்டாரத்தில் இதயக் கோளாறுக்காக அவசரச் சிகிச்சைக்கு ஓடியவர்கள் உடனே 42 விழுக்காடு குறைந்ததாக நியூயார்க் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2023இல் எழுதினார்கள். அந்தப் பக்கம் சொந்தக்காரர்கள் இருந்தால், தொலைபேசியில் உடம்பு எப்படி இருக்கிறது என்று மட்டும் கேட்டுவிடாதீர்கள்.