நாலாவது புலி

வா கண்ணு, இப்படி உக்காரு. அந்தப் போனைக் கொஞ்சம் குப்புறப் போடு. ஒண்ணும் முழுகிப் போயிராது.

தாளவாடியில இருந்து மைசூர் என்ன தூரம்? பஸ் ஏறுனா ஒரு தூக்கம். மக ஊடு குவெம்புநகர்ல. தசரா பார்க்கலாம்னு போயிருந்தேன். 750 கிலோ தங்க அம்பாரியைச் சுமந்துக்கிட்டு ஆனை வீதியில போகுது. என்ற பேரன் அதைத் திரும்பிக்கூடப் பார்க்கலை. கம்ப்யூட்டர் முன்னால உக்காந்துக்கிட்டு, “அப்புச்சி, புது யூனிட்டெல்லாம் வருது!”ன்னு குதிக்கறான். யூனிட் ஏறுனா கரண்டு பில்லைப் பார்த்து இவங்கப்பன் தலையில கை வைப்பானே, இவன் எதுக்குக் குதிக்கறான்னு எனக்கு வெளங்கலை.

பொறவுதான் சொன்னான். அது வானத்துல நடக்கற சண்டையாம். அடுத்த வருசம் வரப்போற வெளையாட்டாம். மண்ணைத் தோண்டிக் கனிமம் எடுக்கோணும், கொட்டாய் கட்டோணும், படை சேக்கோணும், எதிராளி கோட்டையை ஒடைக்கோணும். நீ ஒண்ணு நான் ஒண்ணுன்னு முறை வெச்சு ஆடறதில்லை. ரெண்டு பக்கமும் ஒரே நேரத்துல அடிச்சுக்கோணும். யூனிட்னா அதுல சண்டை போடற ஆளும் வண்டியும். எட்டுக்கால் டாங்கி ஒண்ணு வருதாம். கண்ணுக்குத் தெரியாத ஒற்றன் ஒண்ணு. செத்தா ரெண்டாப் பொறக்கற புழு ஒண்ணு. அந்தப் புழு பெருசா, டாங்கி பெருசான்னு சேத்தாளிங்க நாலு பேரு போன்ல கட்டிப் பொரண்டு, இப்ப ரெண்டு பேருக்குள்ள பேச்சே இல்லை. மாடு இன்னும் கன்னே போடலை, பாலுக்குப் பங்கு பிரிக்கறாங்க!

ஏன் கண்ணு, தோக்கறவன் ஆள் பத்தாமயா தோக்கறான்?

எங்கூர்ல ஒருத்தன் ட்ராக்டர் வாங்கினான். அஞ்சு கொத்துக் கலப்பை வாங்கினான். ஒம்பது கொத்துக் கலப்பை வாங்கினான். ரோட்டவேட்டரும் வாங்கினான். காடு எவ்வளவு? ஒண்ணரை ஏக்கரா. வண்டியைத் திருப்பறதுக்கே பக்கத்துக் காட்டுக்காரனைக் கேக்கோணும்.

மைசூர் மண்ணுக்கு இந்தப் புது யூனிட்டெல்லாம் புதுசில்லை. ஐதர் அலியும் திப்புவும் வெச்சிருந்தாங்களே ராக்கெட்டு, அது என்னவாம்? இரும்புக் குழாய், உள்ள மருந்து, பின்னால மூங்கில் கழி. அவ்வளவுதான் சங்கதி. இரும்புங்கறதால மருந்தை இறுக்கி அடைக்கலாம், அது தூரமாப் போகும். 1780ல காஞ்சிபுரம் பக்கம் புள்ளலூர்ல இந்த ராக்கெட்டு முன்னால கும்பெனிப் படை தோத்துச்சே, அந்தச் சண்டையை ஸ்ரீரங்கப்பட்டணத்துத் தரியா தௌலத் அரமனைச் சுவத்துல இன்னைக்கும் படமாப் பார்க்கலாம். வெள்ளக்காரன் ராக்கெட்டைச் சீமைக்கே கொண்டு போனான். அங்க காங்கிரீவ்னு ஒருத்தர் அதைப் பார்த்துத் தன் பேர்ல ஒண்ணு செஞ்சுக்கிட்டார். அத்தனை இருந்தும் என்னாச்சு? 1799 மே 4ஆம் தேதி ஸ்ரீரங்கப்பட்டணக் கோட்டை விழுந்துச்சு. சுவத்துல ஓட்டை விழுந்துட்டா ராக்கெட்டு வந்து பூசி விடுமா?

அந்த வருசமே அஞ்சு வயசுப் பையனைச் சிம்மாசனத்துல தூக்கி வெச்சாங்க. அவர்தான் மும்மடி கிருஷ்ணராஜ உடையார். 1831ல நிர்வாகத்தையும் கும்பெனி புடுங்கிக்கிச்சு. நெசப் படை இல்லாத ராசாவுக்குச் சீட்டுப் படைதான் கதி. கஞ்சிபான்னு வட்டவட்டமாச் சீட்டு இருக்கு. ஊரு ஒலகத்துல ஒரு கட்டுக்கு 96 சீட்டு, தசாவதாரக் கட்டுன்னா 120. ராசாவுக்கு அது பத்தலை. 18 ஜாதி வரைக்கும் சேர்த்தார். ஒரு ஜாதிக்கு ஆறு படச் சீட்டுன்னார். கட்டு 360 வரைக்கும் போச்சு. பார்க்க அழகுன்னா அழகு. ஆடுனது யாரு? அரமனையைத் தாண்டி அது தெருவுக்கு வரவே இல்லை. விசிறிப் பிடிக்கறதுக்கே நாலு கை வேணுமே கண்ணு!

அதே ராசா இன்னொரு சோலியும் செஞ்சார். சதுரங்கக் குதிரை ஒண்ணை எடுத்தார். தாத்தன் பூட்டன் காலத்துக் குதிரை, அதே கோணப் பாய்ச்சல். 64 கட்டத்தையும் அது மிதிக்கோணும், ஒண்ணைக்கூட ரெண்டு தரம் மிதிக்கக் கூடாது. மிதிச்ச வரிசைக்கு 1, 2ன்னு எண் போட்டுக்கிட்டே வந்தா, குறுக்கே கூட்டினாலும் 260, நெடுக்கே கூட்டினாலும் 260. அதைப் பட்டுத்துணியில அச்சடிச்சாங்க. கணக்கு வாத்தியாருங்க இன்னைக்கும் அதைப் பார்த்து வாயைப் பொளக்கறாங்க. குதிரைக்கு இறக்கை கட்டலை, துப்பாக்கி குடுக்கலை. போற வழியை மட்டும் ரோசனை பண்ணினார்.

இதைச் சொன்னா பேரன் மொறைக்கறான். “அப்புச்சி, உங்களுக்கு வெளையாட்டைப் பத்தி என்ன தெரியும்?”ங்கறான். தெரியாதுதான். ஆனா அவன் சொன்ன பழமையை வெச்சே அவனை மடக்கினேன். ஸ்டார்கிராப்ட்னு ஒண்ணு 1998ல வந்துச்சாம். அந்த வருசக் கடைசியிலயே ப்ரூட் வார்னு ஏழு புது யூனிட்டோட ஒட்டு போட்டாங்களாம். 2001க்குப் பொறவு எதோட பலத்துலயும் கை வெக்கலையாம். கொரியாக்காரன் இன்னும் அதையே போட்டி வெச்சு ஆடறான். ரெண்டாம் பாகத்துக்கு ஒட்டு போடறப்ப வார்ஹவுண்டுன்னு ஒரு எந்திரம் செஞ்சாங்க. 2012ல சோதனைக்கு விட்டா, அதை நாலு செஞ்சு நேரா ஓட்டினாப் போதும்னு ஆயிருச்சு. மூளைக்குச் சோலி இல்லை. செஞ்சவங்களே புடுங்கிப் போட்டாங்க. நல்ல பண்ணையக்காரன், நட்ட கையாலயே களையையும் எடுப்பான்.

அன்னைக்கு ராத்திரி சோறு உண்டதும் மொட்டைமாடியில சாக்பீஸ்ல ஆடுபுலிக் கட்டம் போட்டேன். புலிக்கு 3 புளியங்கொட்டை, ஆட்டுக்கு 15 கல்லு. பழைய கோயில் கல்தரையில வெட்டி வெச்சிருப்பாங்களே, அதே ஆட்டம்தான். மொத ஆட்டத்துல அவனோட ஏழு ஆட்டை முழுங்கினேன். “ஆட்டுக்கு ஒரு சக்தியும் இல்லையே அப்புச்சி, இதென்ன யூனிட்டு?”ன்னான்.

இருக்குடா, ஒண்ணே ஒண்ணு இருக்குன்னேன். ஆட்டுக்குப் பின்னால எடம் காலியா இருந்தாத்தான் புலி தாண்டித் திங்கும். அந்த எடத்துல இன்னொரு ஆடு நின்னுட்டா? புலி கொட்டாவி விடவேண்டியதுதான்.

ரெண்டாவது ஆட்டம், வெரலைக் கன்னத்துல வெச்சுக்கிட்டு ஆடினான். மூணாவது ஆட்டத்துல ஆட்டை ஜோடி ஜோடியா நிறுத்திட்டு வந்தான். என்ற மூணு புலியும் மூலைக்கு ஒண்ணா மாட்டிக்கிச்சு. எந்தப் பக்கமும் நகர எடமில்லை. பேரன் வாயைப் பொத்திக்கிட்டுச் சிரிக்கறான். எனக்கு வேர்த்துப் போச்சு.

யார்கிட்டயும் சொல்லிப் போடாத கண்ணு. தொண்டையைச் செருமிக்கிட்டு மெதுவாக் கேட்டேன்: “ஏண்டா சாமி, நாலாவதா ஒரு புலி விட்டுக்கலாமா?”